டிவியைப் பரணில் ஏற்றி ஆறரை வருஷம்

எங்கள் வீட்டில் டிவி நின்றது எந்தப் பிரசங்கத்தையும் கேட்டு அல்ல. கேபிள்காரர் கொடுத்த ஒரு தாளால்.

2019 பிப்ரவரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்த நேரம். அடிப்படை 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. எது வேண்டுமோ அதை நாமே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வருகிற கேபிள்காரர் ஒரு பட்டியலை நீட்டி, "டிக் அடிச்சு வைங்கக்கா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேனாவோடு உட்கார்ந்தேன். அத்தைக்கு நாடகச் சேனல் இரண்டு, காலையில் பிரசங்கம் கேட்க ஒன்று. என் கணவருக்குக் கிரிக்கெட். பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். எனக்கு? ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தினமும் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை வெங்காயம் உரித்தபடியோ துணி மடித்தபடியோ அதன் முன்னால்தான் இருந்தேன். எனக்கு வேண்டும் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாத ஒரு பொருளுக்கு தினம் மூன்று மணி நேரம் கொடுத்திருக்கிறேன்.

மனதை அரித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. எட்டு மணிக்கு நடக்கும் குடும்ப ஜெபம் விளம்பர இடைவேளைக்குள் சுருங்கிப்போயிருந்தது. டிவியை அணைக்க மாட்டோம், சத்தத்தை மட்டும் குறைப்போம். கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது இமைக்கு மேலே அந்த நீல வெளிச்சம் ஆடும். இன்னொன்று, அப்போது ஐந்து வயதான என் மகன் ஒருநாள் அத்தையைப் பார்த்து விரலை நீட்டி, "உன்னை இந்த வீட்டை விட்டே துரத்துறேன் பாரு" என்று நாடக வில்லி போலவே சொன்னான். எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். மறுநாள் 32 அங்குல டிவியை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் ஏற்றினார். அத்தையிடம் கேட்கவில்லை. வீட்டிலேயே அதிக நேரம் டிவி பார்த்தவர் அவர்தான். அவரைத் தவிர்த்துவிட்டு முடிவெடுத்தோம் என்பது அப்போது எங்களுக்குத் தப்பாகவே தெரியவில்லை.

எங்கள் சபையில் டிவிக்குத் தடை ஏதும் கிடையாது. நானும் டிவியைப் பிசாசு என்று நினைத்து வளர்ந்தவள் இல்லை. நாசரேத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு முதலில் தெரிந்த டிவி சேனல் இலங்கை ரூபவாஹினிதான். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது, ஆனால் அதன் அலை எங்கள் பக்கம் எட்டவில்லை. உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி ஒருவர் மாடியில் நின்று திருப்புவார், கீழே பத்து வீட்டுப் பிள்ளைகள் "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துவோம். அந்த டிவி தெருவைச் சேர்த்து வைத்தது. எங்கள் ஹாலில் இருந்தது ஐந்து பேரை ஒரே பக்கம் திரும்பி உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

முதல் மாதம் அமைதி வரவில்லை. சண்டை வந்தது. அதுவரை ஏழு மணிக்கு மேல் யாரும் யாரோடும் பேச வேண்டிய தேவையே இருந்ததில்லை. இப்போது பேச ஆரம்பித்ததும், பல வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. கொழுந்தனாருக்குக் கொடுத்த பணம், என் அம்மா வீட்டுக்குப் போகிற கணக்கு, சாம்பாரில் புளி. இதையெல்லாம் டிவி இத்தனை நாள் மூடி வைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. யாராவது டிவியை நிறுத்தப் போவதாகச் சொன்னால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் ஆறு வாரத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

அத்தை முதல் நாளே சொன்னார்: "நாடகம் போனாப் போவுது. காலையில கேக்குற பிரசங்கமும்லா போச்சு." பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அப்புறம் தினமும் எட்டு மணிக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நாடகம் பார்க்க ஆரம்பித்தார். ஜெபத்துக்காக டிவியை நிறுத்தினோம். ஜெப நேரத்தில் வீட்டில் மூத்தவரே இல்லை. இது ஏழெட்டு மாதம் நடந்தது, முழங்கால் வலி வரும் வரை.

என் கணவருக்கு முதல் கஷ்டம் அந்த ஜூலையில். உலகக் கோப்பை அரையிறுதி, நியூசிலாந்தோடு. டீக்கடையில் நின்று பார்த்தார். தோனி ரன் அவுட் ஆன அன்று வீட்டுக்கு வந்து ஜெபத்தில் வாயே திறக்கவில்லை, 'ஆமென்' மட்டும் சொன்னார்.

காசு மிச்சமா என்று பலர் கேட்கிறார்கள். கேபிளில் மாதம் இருநூற்றுச் சொச்சம் மிச்சம். மின்கட்டணத்தில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். ஐம்பது வாட் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு யூனிட்தான்.

முதல் வருஷத்தின் பெரிய தீமை என்னிடமிருந்தே வந்தது. "எங்க வீட்டுல டிவி கிடையாது" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ருசி கண்டுவிட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் 101-ஆம் சங்கீதத்தை எடுத்து, கேடானதைக் கண்முன் வைக்கமாட்டேன் என்று தாவீது சொல்வதை வாசித்து, எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "அதுக்கு முந்தின வசனத்தையும் வாசிச்சியா? என் வீட்டிலே எப்படி நடந்துக்கிடுவேன்னும் அதுல இருக்கே." அதற்குப் பிறகு அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

2020 ஊரடங்கில் உண்மையாகவே வருத்தப்பட்டேன். கோயில் பூட்டியிருந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஆராதனையை ஒரு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் கொடுத்தார். அப்புறம் பள்ளிப் பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. மகளின் டீச்சர் கால அட்டவணை அனுப்பினார். டிவி இல்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. யூடியூபில் பார்க்கலாம் என்று இரண்டாவது போனும் வைஃபையும் வீட்டுக்குள் வந்தன. பரணில் ஏற்றியது சின்னச் சின்னத் துண்டாக இறங்கி வந்த மாதிரிதான். அதுவும் இப்போது ஆளுக்கு ஒரு மூலையில். நாடகம் பார்க்கும்போதாவது ஒரே வில்லியைத் திட்டினோம்.

இதற்கு முழுத் தீர்வு இன்று வரை இல்லை. எட்டு மணிக்கு எல்லாப் போனும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போக வேண்டும் என்று ஒரு விதி. அதை அதிகம் மீறுவது நான்தான், பள்ளி வாட்ஸப் குழு என்ற சாக்கில்.

இத்தனைக்குப் பிறகும் டிவியை ஏன் இறக்கவில்லை? அத்தையின் பாட்டுக்காக. முழங்கால் வலியால் வீட்டோடு இருந்த நாட்களில்தான் கவனித்தோம், கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்க்காமலே அவருக்கு அறுபது, எழுபது பாட்டு வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அச்சடித்திருக்கும் ராகம், தாளம் உட்பட. நானோ முதல் சரணத்தைத் தாண்டியதில்லை. அந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் நம்ம திருநெல்வேலியில் பிறந்தவர் என்று பிள்ளைகளுக்கு அவர்தான் சொன்னார். என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஆதி தாளத்தைத் தொடையில் போட்டபடி பாட்டியோடு பாடுகிறாள், சுருதி விலகினால் வாங்கியும் கட்டிக்கொள்கிறாள். விளம்பர இடைவேளையில் இதற்கு இடம் இருந்திருக்காது. ஜெபம் இப்போது இருபது நிமிஷம். சில நாள் அவசரமாக, சில நாள் கோபத்தோடு. ஆனால் நடக்கிறது.

அந்தப் பிரசங்கத்துக்கு ஈடாக அத்தைக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தோம். 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம்தான் அவருக்கு எல்லாமே. காலை பக்திப் பாடல்களில் மூன்று மதப் பாட்டும் வருவதால், நாகூர் ஹனிபா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே கீரை ஆய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் இரண்டு ஆணித் துளையும் ஒரு பிளக் பாயிண்டும் அப்படியே இருக்கின்றன. வருகிறவர்கள் அந்தச் சுவரையே பார்த்து உட்கார்ந்து, "டிவி ரிப்பேரா?" என்கிறார்கள். இப்போது பதினொரு வயதான மகனும் அதைக் காட்டிக் கேட்க ஆரம்பித்திருக்கிறான். எல்லோரும் சேர்ந்து ஒரு மேட்ச் பார்க்கலாமே என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

போன வாரம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தத் தடவை முதலில் அத்தையிடம் போய், "டிவியை இறக்கட்டுமா அத்தை?" என்று கேட்டேன். யோசித்தார்.

"அது கெடக்கட்டும். ரேடியோவுக்கு பேட்டரிக் கட்டை தீந்துபோச்சு. நாளைக்கு வரும்போது ரெண்டு வாங்கிட்டு வா" என்றார்.