கண்ணை மூடிப் புழுமருந்தா, சாணம் பார்த்தா?

புழு ரத்தத்தை உறிஞ்சி மாடு மெலிந்தால் சூலகம் உறங்கிவிடும், சினை நிற்காது. உடனே மருந்துக்கடையில் புழுமருந்து வாங்கி ஊற்றுவது நம்மூர் வழக்கம். சுலபம், செலவும் குறைவு. ஆனால் தாமிரபரணிப் பாசன வயலோரம் மேயும் மாட்டுக்கு நத்தை வழியே வருவது கல்லீரல் தட்டைப்புழு. பென்பென்டசோல் என்ற புழுமருந்து அதற்குப் போதாது. அல்பென்டசோல் வளர்ந்த புழுவைக் கொல்லும், இளஞ்சினையில் கருவுக்கு ஆபத்து. சினையா இல்லையா என்று தெரியாமலே ஊற்றுகிறோமே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சாணத்தைப் பரிசோதிப்பது அலைச்சல்தான். தொற்றிய முதல் சில வாரங்களில் சாணத்தில் புழு முட்டையும் தெரியாது. ஆனாலும் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்க, என் ஓட்டு இதற்கே. ஒரு சினைப்பருவம் தப்பினால் அடுத்ததற்கு 21 நாள் போச்சு. திசையன்விளையின் வறண்ட செம்மணல் தேரிக்காட்டு மாட்டுக்குத் தட்டைப்புழுப் பயம் குறைவு.