யுங்ஃப்ராயோக்கா, கோர்னர்கிராட்டா? ஒரு மலைக்குத்தான் காசு இருக்கிறதென்றால்

சுவிட்சர்லாந்துக்கு நம்மூர் டூர் கம்பெனிகள் போடும் திட்டத்தில் மலை என்றால் பெரும்பாலும் இரண்டே பெயர்தான்: டிட்லிஸ், இல்லையென்றால் யுங்ஃப்ராயோக். கோர்னர்கிராட் ரயில் கிளம்பும் ஊரான செர்மாட் அபூர்வமாகத்தான் வரும். பஸ் போகாததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. டூர் பஸ் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் டேஷ் என்ற ஊரிலேயே நின்றுவிடும். அங்கிருந்து பெட்டி படுக்கையோடு ரயில் ஏற வேண்டும். நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற வழிகாட்டிக்கு இது தலைவலி. சொந்தமாகத் திட்டம் போட்டுப் போகிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

இரண்டுமே பல்சக்கர ரயிலில் ஏறும் மலைகள். கோர்னர்கிராட் பாதை 1898-ல் திறந்தது, யுங்ஃப்ராயோக் 1912-ல். முன்னது செர்மாட்டிலிருந்து 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். பின்னது 3,454 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். விளம்பரப் பலகையில் நிற்பது அந்த எண்தான், பலர் டிக்கெட் வாங்குவதும் அதைப் பார்த்துத்தான்.

உயரம் அதிகம், அதனால் காட்சியும் அதிகம் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். யுங்ஃப்ராயோக் என்பது யுங்ஃப்ராவ், முன்ஷ் என்ற இரு சிகரங்களுக்கு இடையிலான கணவாய். நாம் போய் நிற்பது அந்த மலைகளின் தோளில். அஞ்சலட்டையில் பார்க்கும் ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கும் காட்சி அங்கிருந்து கிடைக்காது. அதற்குக் கீழே மென்லிஷனிலோ, எதிர்ப்புறம் மியூரனிலோ நிற்க வேண்டும். மேலே கிடைப்பது வேறு: தெற்கே இறங்கும் அலெட்ச் பனியாறு. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம், ஆல்ப்ஸிலேயே மிக நீளமானது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பகுதி. வானம் தெளிந்த நாளில் அதைப் பார்த்தவர்கள் காசைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அதே பனியாறு வளைந்து திரும்பும் அழகை வாலிஸ் மாநிலத்தின் ஃபீஷ் ஊரிலிருந்து கேபிள் காரில் எகிஸ்ஹார்னுக்கு ஏறியும் பார்க்கலாம், அதுவும் பல மடங்கு குறைந்த செலவில். அந்தப் பெயர் ஏனோ நம் டூர் திட்டங்களில் கண்ணில் படுவதே இல்லை.

கோர்னர்கிராட்டில் கதை தலைகீழ். மலைகளுக்கு நடுவே, அவற்றை விட்டுச் சற்று விலகி நிற்கும் ஒரு முகடு அது. ஒரு பக்கம் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் தனியாக நிற்கும்; மறுபக்கம் சுவிஸின் உச்சமான 4,634 மீட்டர் டுஃபோர்ஷ்பிட்செவைத் தாங்கிய மான்டே ரோசா; காலுக்குக் கீழே கோர்னர் பனியாறு. நாலாயிரம் மீட்டரைத் தாண்டும் 29 சிகரங்கள் தெரியும் என்கிறார்கள். எண்ணிப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? சிகரத்தில் ஏறியிருக்கிறோம் என்ற பெருமையைவிட சிகரங்களைப் பார்க்கும் ஆசை பெரிதென்றால், இந்தப் பந்தயம் இங்கேயே முடிந்தது.

பயணத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிது. யுங்ஃப்ராவ் ரயில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் ஓடும். அதில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். நடுவில் ஐஸ்மேர் நிலையத்தில் சில நிமிடம் நிற்கும், கண்ணாடி வழியே பனிப்பாறைகளை எட்டிப் பார்க்கலாம். மற்ற நேரம் இருட்டுதான். அந்த இருட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால் வேறு மாதிரி இருக்கும். அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் யுங்ஃப்ராவ் உச்சிக்கே ரயிலும் லிஃப்டும் கொண்டுபோகத் திட்டமிட்டு 1896-ல் வேலையைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில் இறந்துபோனார். பணமுடையும் விபத்துகளுமாக இழுத்தடித்து, பதினாறு ஆண்டு கழித்துக் கணவாயோடு பாதை நின்றது. பொறியியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே யுங்ஃப்ராயோக்கைத் தேர்ந்தெடுக்கலாம். மேலே 1931 முதல் இயங்கும் ஆய்வு நிலையமும், ஸ்ஃபிங்ஸ் வானாய்வுக்கூடமும், பனியைக் குடைந்து செய்த அரண்மனையும் இருக்கின்றன. இந்தியச் சாப்பாட்டுக்கென்றே ஓர் உணவகமும் உண்டு. கூட்டமும் அதற்கேற்றபடி.

கோர்னர்கிராட் ரயில் பெரும்பாலும் திறந்த வெளியில் ஓடுகிறது. ஏறும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் கூடவே வரும். நமக்கு இன்னொரு சுவாரசியமும் இதில் உண்டு. தண்டவாளத்தின் நடுவே ஓடும் பற்கள் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்தவை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயிலும் அதே முறைதான், திறந்ததும் கோர்னர்கிராட்டுக்கு அடுத்த ஆண்டு, 1899-ல். ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிஸின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. யுங்ஃப்ராவ் பாதை வேறொரு முறை, ஸ்ட்ரூப் என்பவருடையது.

இனி காசு. கோடை உச்சத்தில் இண்டர்லாகனிலிருந்து யுங்ஃப்ராயோக் போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டிவிடும். இருக்கை முன்பதிவுக்குத் தனிக்காசு. செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் அதில் ஏறத்தாழ பாதி. ஸ்விஸ் டிராவல் பாஸ் (நாடு முழுக்க ரயில், பஸ், கப்பலுக்குச் சேர்த்து வாங்கும் சீட்டு) வைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்: கோர்னர்கிராட்டுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி, யுங்ஃப்ராயோக்குக்கு வழியிலுள்ள வெங்கன் அல்லது கிரிண்டல்வால்டு ஊருக்கு மேல் கால்பங்குதான் தள்ளுபடி. ஆனால் இண்டர்லாகனில் தங்கியிருப்பவர் செர்மாட்டுக்குப் போக ஸ்பீட்ஸ், விஸ்ப் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2007-ல் திறந்த லெட்ஷ்பெர்க் அடித்தளச் சுரங்கம் இல்லையென்றால் இன்னும் நேரம் பிடித்திருக்கும். பாஸ் கையில் இருந்தால் அந்தப் பயணத்துக்குத் தனியாகக் காசில்லை.

வானிலையில் செர்மாட் கை ஓங்கியிருக்கிறது. நான்கு பக்கமும் உயர்ந்த மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலம் சுவிஸிலேயே வறண்ட பகுதி. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் போல. யுங்ஃப்ராவ் இருப்பதோ ஆல்ப்ஸின் வடக்கு விளிம்பில், ஈரக்காற்று முதலில் வந்து மோதும் இடத்தில். அதற்காகக் கோர்னர்கிராட் எப்போதும் தெளிவாக இருக்கும் என்றில்லை. வெயில் ஏற ஏற மேட்டர்ஹார்ன் உச்சியில் கொடிபோல ஒரு மேகம் ஒட்டிக்கொள்ளும். எந்த மலையானாலும் காலையில் நேரடி கேமராவைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். முன்கூட்டியே நாள் குறித்து வாங்கியவர்கள் 200 பிராங்க் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவது அங்கே அன்றாடம் நடப்பது.

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் உயரத்தையும் யோசியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். யுங்ஃப்ராயோக் அதைவிட 1,200 மீட்டர் மேலே. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2020 டிசம்பரில் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கிரிண்டல்வால்டிலிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்குத் தூக்கிவிடுகிறது. நேரம் மிச்சம், ஆனால் உடம்பு பழகுவதற்கான அவகாசமும் போய்விட்டது. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டிலும் ஏற வேண்டாம்.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் தராசு யுங்ஃப்ராவ் பக்கம் சாய்கிறது. தங்குவதற்கு நான் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்திலிருந்து ஷ்டாவ்பாக் அருவி ஊருக்குப் பின்னாலேயே விழுகிறது, பார்க்கக் காசில்லை. கொஞ்ச தூரத்தில் ட்ரும்மல்பாக்: ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியுருகிய நீரும் மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்கும் இடம். நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாயும். பாறைக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பிரியன்ஸ் ஏரியில் கப்பல் பாஸிலேயே அடக்கம். ஏரிக்கு அந்தப்புறம் பால்லன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வீடுகள் இருக்கின்றன; மரம் செதுக்குகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். ஒரு முழு நாள் ஒதுக்கலாம். குளிர்காலத்தில் இதுவும் ட்ரும்மல்பாக்கும் மூடியிருக்கும்.

பழைய வீடுகளைப் பெயர்க்காமல் நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டுமானால் செர்மாட்டின் ஹின்டர்டோர்ஃப் தெரு இருக்கிறது. வெயிலில் கறுத்த லார்ச் மரக் களஞ்சியங்கள், எலி ஏறாமலிருக்கக் கால்களின் மேல் தட்டைக் கல் வைத்துக் கட்டியவை. நடக்கப் பத்து நிமிடம் போதும். அதைவிட அந்த ஊர் அருங்காட்சியகம் மனதைப் பிடிக்கும். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் குழுவின் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். மிஞ்சியவர்கள் விம்பரும், உள்ளூர் வழிகாட்டிகளான டவ்க்வால்டர் தந்தையும் மகனும். கயிறு தானாக அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்ற சந்தேகம் நெடுங்காலம் ஓயவில்லை. அந்தக் கயிற்றுத் துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெலிசு என்று பார்த்தால்தான் நம்ப முடியும்.

டிட்லிஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3,020 மீட்டர், சுற்றிக்கொண்டே ஏறும் கேபிள் கார், விளையாடப் பனி. பிள்ளைகள் பனியை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்க அது போதும், லூசெர்னிலிருந்து அரை நாளில் முடிந்துவிடும்.

ஆக, என் கணக்கு இது. லாட்டர்புருன்னனிலோ வெங்கனிலோ தங்கி, அருவிகளையும், பாஸிலேயே ஏரியையும் பார்த்துவிட்டு, யுங்ஃப்ராயோக்கை விட்டுவிடுங்கள். மிச்சமான காசில் செர்மாட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் முதல் ரயிலில் கோர்னர்கிராட். இறங்கும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் ரிஃபெல்சே குளம். காற்றில்லாத காலையில் மேட்டர்ஹார்ன் அதில் தலைகீழாகத் தெரியும், ஜூலைக்கு முன் போனால் குளம் பனிக்கு அடியில் கிடக்கலாம். வாழ்நாளில் பனியையே பார்க்காத அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. யுங்ஃப்ராயோக்கில் நடக்க வேண்டியது குறைவு, குளிருக்கு ஒதுங்கக் கட்டடம் உண்டு, சோறும் கிடைக்கும். அவர்களுக்கு யுங்ஃப்ராயோக்தான் சரி.

சூரிக்கிலிருந்து கிளம்பினால் எந்தப் பக்கம் போனாலும் வழியில் பெர்ன் வரும். அங்கே ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்தை ஒட்டி, பல சமயங்களுக்கும் பொதுவாக 2014-ல் திறந்த கட்டடத்தில், பள்ளிவாசலும் பௌத்த மையமும் இருக்கும் அதே கூரைக்குக் கீழே ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் இருக்கிறது. கையில் நேரம் இருந்தால் போய்ப் பார்க்கலாம். பூசை நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.