கோத்தகிரி ஞாயிறு கணித வகுப்பு: எம்.எஸ்சி. முடித்தவர்கள் அவசியம் போங்கள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் எண் கோட்பாடு நடத்துகிறார். இந்த முறை எடுத்தது ஏபெலியன் வெரைட்டிகளில் (எலிப்டிக் கர்வ்களின் உயர்பரிமாண வடிவங்கள்) உள்ள புள்ளிகளின் உயரத்துக்குக் கீழ்வரம்பு. உயரம் என்பது புள்ளியின் ஆயங்கள் எவ்வளவு சிக்கலான எண்கள் என்பதன் அளவு. தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தேற்றத்தைச் சொல்லி ஆரம்பிப்பது அவர் வழக்கமில்லை, முதலில் கணக்குப் போட வைக்கிறார். 3-இன் கனம் 27, அதில் 2 போனால் 25, அது 5-இன் வர்க்கம். ஆக (3, 5) என்பது y² = x³ − 2 என்ற எலிப்டிக் கர்வின் மேல் இருக்கும் புள்ளி. இந்தக் கர்வில் புள்ளிகளைக் கூட்ட ஒரு விதி உண்டு, அதன்படி அந்தப் புள்ளியை அதனோடேயே கூட்டி இரட்டித்தால் முதல் ஆயம் 129/100. இன்னொரு தடவை இரட்டித்தால் 2340922881/58675600! போகப்போக ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இலக்கங்கள் நான்கு மடங்காகப் பெருகும், நெரோன்–டேட் உயரம் அளப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். எத்தனை தடவை கூட்டினாலும் சில புள்ளிகளுக்குள்ளேயே சுற்றிவரும் டார்ஷன் புள்ளிகளுக்கு மட்டும் உயரம் பூஜ்யம். சரி, மற்ற புள்ளிகளின் உயரம் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வரலாம்? ஆயங்கள் வாழும் எண்புலத்தின் படி (விகிதமுறு எண்களின் மேல் அதன் பரிமாணம்) கூடக்கூட என்ன ஆகும்? கையால் போட்டுப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி தானாகவே வருகிறது, அதுதான் இந்த வகுப்பின் பலம்.

இதன் தொடக்கம் 1933-இல் கணிதவியலாளர் லேமர் கேட்ட கேள்வி: முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவையின் மாலர் அளவை (தலைக்கெழுவின் மட்டையும், மட்டு 1-ஐவிடப் பெரிய மூலங்களின் மட்டுக்களையும் பெருக்கி வரும் எண்) 1-ஐவிடப் பெரியதாக இருந்துகொண்டே 1-க்கு எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்க முடியுமா? முடியாது என்பதே எதிர்பார்ப்பு. அவர் கண்ட 10-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவையின் மாலர் அளவை 1.17628..., 1-ஐவிடப் பெரியதாகவும் இதைவிடச் சிறியதாகவும் ஒன்று இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. 1979-இல் டோப்ரோவோல்ஸ்கி, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைப் பல பகா எண்களுக்கு ஒரே நேரத்தில் பயன்படுத்தி, அந்த எதிர்பார்ப்புக்கு மிக நெருக்கமான வரம்பை நிறுவினார். எலிப்டிக் கர்வில் அந்த வேலையைச் செய்வது ஃப்ரோபேனியஸ், அதாவது பகா எண் p-ஐ மட்டாக வைத்து ஆயங்களை p-ஆம் அடுக்குக்கு உயர்த்தும் சார்பு. சிக்கலெண் பெருக்கம் உள்ள (புள்ளிகளை முழு எண்களால் மட்டுமல்லாமல் சில சிக்கலெண்களாலும் பெருக்க முடிகிற) கர்வ்களில் அது கர்வின் மேலேயே ஒரு சார்பாக ஏறி வருவதால் 1983-இல் லோராங்கும், அதே வகை ஏபெலியன் வெரைட்டிகளுக்கு 2000-இல் டேவிட், ஹிண்ட்ரி இருவரும் அதைச் சாதித்தார்கள். அந்தப் பெருக்கம் இல்லாவிட்டால் இந்த வழி அடைபடுகிறது. மாஸர் 1989-இல் எல்லா எலிப்டிக் கர்வ்களுக்கும் தந்த வரம்பு படியின் கனத்தோடு சேர்ந்து சரிகிறது, எதிர்பார்ப்போ படியோடு மட்டும்தான். எங்கே, ஏன் அடைபடுகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

குறை என்றால், சீகல் துணைத்தேற்றம் (சமன்பாடுகளைவிட மாறிகள் அதிகமுள்ள ஒருபடிச் சமன்பாட்டுத் தொகுதிக்குச் சிறிய முழு எண் தீர்வு உண்டு என்பது) வரும் பகுதியை மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக முடித்தார், அதற்குத் தனி வகுப்பே வேண்டும். பலகையும் சிறியது. மூடுபனி நாளில் ஈரம் ஏறி சாக்பீஸ் எழுத்து மங்கிவிடுகிறது, முன்வரிசையில் உட்காருங்கள்.

கட்டணம் கிடையாது, குறிப்புகளுக்கு ஜெராக்ஸ் செலவு மட்டும். இடைவேளையில் டீயும் வர்க்கியும் வரும், அப்போது கேட்கும் கேள்விக்குத்தான் அவர் நிதானமாகப் பதில் சொல்கிறார். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடியுங்கள், சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்.