இரட்டைச் செயலிக் கணினியில் டெபியன்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

அனுமதி பெற்றுத் தேயிலைத் தோட்டங்களை ட்ரோனில் படமெடுத்து, அந்தப் படங்களை இணைத்து வரைபடம் தயாரிப்பது என் தொழில். இதற்காக வாங்கிய பழைய சர்வரில் 2019 முதல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. பத்தாம் பதிப்பில் தொடங்கி இப்போது பன்னிரண்டில் இருக்கிறேன். இடையில் ஒருமுறைகூட அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டி வரவில்லை.

உள்ளே இருப்பவை 2012இல் வெளிவந்த இரண்டு இன்டெல் ஜியான் இ5-2670 செயலிகள் (பிராசசர்கள்). ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கணக்கிடும் எட்டு கோர்கள். ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை, அதாவது இரண்டு வேலை வரிசைகளை, ஓட்டுவதால் லினக்ஸின் கணக்கில் மொத்தம் 32 இழைகள். விண்டோஸ் 10 ஹோம் பதிப்பு இரண்டாவது செயலியைப் பயன்படுத்தாது, அதற்கு புரோ பதிப்பு வேண்டும். டெபியனில் அப்படி எந்தப் பாகுபாடும் இல்லை, நிறுவிய உடனே இரண்டும் வேலைக்கு வந்துவிடுகின்றன.

இந்த எளிமை சும்மா வந்ததல்ல. லினக்ஸ் பல செயலிகளை ஆதரிக்கத் தொடங்கியது 1996இல், 2.0 பதிப்பில். அன்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே நுழைந்துவிட்டால் மற்றது வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். அதைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துப் பிரித்து, 2011இல் 2.6.39 பதிப்பில்தான் அடியோடு நீக்கினார்கள். ஒவ்வொரு இழையின் வேலைப்பளுவையும் பட்டையாகக் காட்டும் எச்டாப் நிரலின் திரையில் 32 பட்டைகளும் ஒன்றாக எழும்போது, முகம் தெரியாத அந்த நிரலாளர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பட்டைகள் எப்போதும் நிறைந்திருப்பதில்லை. வரைபடம் தயாரிக்க நான் பயன்படுத்தும் ஓபன்ட்ரோன்மேப் மென்பொருள், படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டத்தில் எல்லாக் கோர்களையும் பிழிந்தெடுக்கும். வேறு சில கட்டங்களில் ஒரே கோர் மட்டும் ஓட, மற்றவை சும்மா கிடக்கும். அங்கே இந்தப் பழைய செயலியின் வேகம் போதவில்லை.

இதைவிட முக்கியமானது நினைவகம். இவ்வகைக் கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் உண்டு. பக்கத்துச் செயலியின் நினைவகத்தை எட்டிப் பிடிக்கக் கூடுதல் நேரமாகும். அதனால் ரேம் பலகைகளை இரு பக்கமும் சமமாகப் போட்டிருக்கிறேன். பெரிய தோட்டமாக இருந்தால் படங்களை இரண்டாகப் பிரித்து, நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கர் மென்பொருளின் சிபியுசெட் அமைப்பு வழியாக ஒவ்வொரு பாதியையும் ஒரு செயலியோடும் அதன் நினைவகத்தோடும் கட்டிவிடுகிறேன். ஒரே வேலையை 32 இழைகளில் பரப்புவதைவிட இதுதான் விரைவாக முடிகிறது.

மின்சாரம்தான் பெரிய கவலை. முழு வேலையில் செயலி ஒன்றுக்கு 115 வாட் வரை போகும். இங்கே குளிர் உதவுகிறது என்றாலும், 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மின்விசிறிகள் கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது. அந்த மாதங்களில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது சகஜம், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் இதை வாங்க வேண்டாம். மின்சாரம் போனாலும் முடிந்த கட்டங்களை ஓபன்ட்ரோன்மேப் விட்டுவிடாது, நின்ற கட்டத்திலிருந்தே தொடரும்.

அடுத்து டெபியன் 13க்கு மாறப்போகிறேன். அதிலுள்ள 6.12 கர்னலில், கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் முறையே புதிது. மாறிய பிறகு, ஏற்கெனவே முடித்த ஒரு தோட்டத்தின் படங்களையே மீண்டும் ஓட்டி நேரத்தை ஒப்பிடுவேன்.