ஆடும் நாற்காலியில் ஆறு அமர்வுகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் புறவழிச்சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நேர்காணல் பயிற்சியைத் தனி வகுப்பாக நடத்துகிறார்கள். அங்கே பன்னிரண்டு நாள் படித்தேன். கட்டணம் 6,500 ரூபாய். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அதே குறைகள் தாங்கள் சேர்ந்த இடங்களிலும் உண்டு என்று தோழிகள் சொல்வதாலும் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: கட்டலாம், ஆனால் முதல் நான்கு நாள்களை மறந்துவிட்டு, மாடியின் கோடியில் உள்ள அந்தச் சின்ன அறைக்காக மட்டும் கட்டலாம்.

எனக்கு இந்தப் பயிற்சி தேவைப்பட்டதற்குக் காரணம் படிப்பில் இருந்த குறை அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்காணலில், பெயரைச் சொன்னதற்கு அடுத்த கேள்வியிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பட்டப்படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் எது என்பதற்குக்கூடப் பதில் வராமல் எழுந்து வந்தேன். அதன் பிறகு நேர்காணல் உண்டு என்று அறிவிப்பில் இருந்தாலே விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடத் தொடங்கினேன். இம்முறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் நிறுவனமான ஐபிபிஎஸ்ஸின் அதிகாரி பணிக்கான விண்ணப்பத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை, கையால் எழுதிய உறுதிமொழி எல்லாவற்றையும் பதிவேற்றிய பிறகும், கடைசிப் பொத்தானை அழுத்த எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

முதல் நான்கு நாள்கள் வீண். புடவையா சுடிதாரா, கதவை எப்படித் தட்டுவது, வணக்கம் சொல்லும்போது எத்தனை பற்கள் தெரியலாம் என்பது போன்ற வகுப்புகளை யாரும் வீட்டிலேயே நடத்திக்கொள்ளலாம். அதைவிட மோசம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு அச்சிட்டுக் கொடுத்த ஆங்கிலப் பதில். எங்கள் அணியில் முப்பது பேர். முப்பது பேரும் அல்வாவுக்குப் பெயர்பெற்ற திருநெல்வேலியிலிருந்து வருவதாக ஒரே குரலில் மனப்பாடம் செய்தோம். நானோ கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடைக்காரி. மனப்பாடம் பதற்றத்தைக் குறைக்கும் என்று நினைத்துத்தான் இப்படிச் செய்கிறார்கள். என் அனுபவத்தில் அது கூட்டவே செய்தது, ஏனெனில் நடுவில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே மூச்சு முட்டிவிடுகிறது.

சின்ன அறையின் கதை வேறு. ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர், முக்காலியில் பொருத்திய கைப்பேசி, நமக்கு ஒரு மர நாற்காலி. நாற்காலியின் ஒரு கால் சற்றுக் குட்டை. உடலை அசைத்தால் டொக்கென்று சத்தம் கேட்கும். சரிசெய்ய மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்களா என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் முதல் அமர்வில் நான் எத்தனை முறை அசைந்தேன் என்பதை அது எல்லோருக்கும் எண்ணிச் சொல்லிவிட்டது. நடுவில் அமர்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் சிரிப்பதில்லை, தலையசைப்பதில்லை. பதில் சரியா தவறா என்பதற்கு முகத்தில் ஓர் அடையாளமும் இராது.

உளவியல் படிக்கும் தோழியிடம் இதைப் புலம்பியபோது, மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வரவழைப்பதற்கே இப்படி ஒரு முறை இருக்கிறது என்றாள். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியான அந்தச் சோதனையில், வேலைக்கான நேர்காணல் என்று சொல்லி, முகபாவமே காட்டாத குழுவின் முன் ஐந்து நிமிடம் பேச வைப்பார்களாம். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்களாம், தவறினால் மறுபடி 1022. அதைக் கேட்டபோது எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் ஏற்பட்டது. வாய் உலர்வதும் உள்ளங்கை வியர்ப்பதும் என் கோழைத்தனத்தின் அடையாளமாக இருந்தது போய், எதிரே கல்முகம் இருந்தால் எந்த ஊர்க்காரருக்கும் உடம்பு செய்கிற வேலை அது என்றாகிவிட்டது. ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகம் பிடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது. நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு அதற்கு மேல் காரணம் இல்லை.

நிலையத்தில் சொல்லித்தந்தவற்றில் உருப்படியான ஒன்று மூச்சுப் பயிற்சி. ஆழ்ந்து மூச்சிழு என்று பொதுவாகச் சொல்லாமல், நான்கு எண்ணும் நேரம் இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடச் சொன்னார்கள். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், விடும்போது சற்றுத் தணிவதும் இயல்பு என்பதால், விடும் நேரத்தை நீட்டுவதில்தான் பலன். புதிய பேருந்து நிலையத்தில் வண்ணார்பேட்டைக்கு வண்டி மாறக் காத்திருக்கும் நேரத்தில் செய்து பழகினேன்.

இருந்தாலும் என்னை மாற்றியது கைப்பேசிப் பதிவுதான். முதல் அமர்வு முடிந்ததும் என் கை நடுங்கியதையும் குரல் உடைந்ததையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்ற வெட்கத்தில் பதிவைப் பார்க்க மறுத்தேன். மறுநாள் வற்புறுத்திக் காட்டினார்கள். அதில் இருந்தது கொஞ்சம் வேகமாகப் பேசுகிற, வலது கட்டைவிரலால் கோப்பின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிற ஒரு பெண் மட்டுமே. நடுக்கம் எங்கும் தெரியவில்லை. நமக்குள் நடப்பதெல்லாம் வெளியே கண்ணாடிபோலத் தெரிகிறது என்று மனிதர்கள் மிகையாக நினைப்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 1998இல் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். இந்த மயக்கத்தைப் பற்றி முன்கூட்டியே எடுத்துச் சொன்னாலே மேடையில் பேசுகிறவர்கள் மேலும் நன்றாகப் பேசுகிறார்கள் என்று 2003இல் ஒரு தொடர் ஆய்வும் வந்தது. அந்த அறிவைப் பாடமாக நடத்தியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்; என் கட்டைவிரலைப் பார்த்ததால் நம்பினேன்.

மூன்றாவது அமர்வில் அச்சிட்ட பதிலை ஒப்பிக்கத் தொடங்கியவளைப் பாதியில் நிறுத்தி, மேலாளர் ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கேட்டார்: “பத்தமடைன்னு போட்டிருக்கியே, கோரையை எத்தன நாளும்மா தண்ணில ஊறப் போடுவாக?” என் உம்மா பாய் நெய்கிறவர். கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு வாரம் ஊறவிட்டு, மறுபடி காயவைத்து இழை இழையாகக் கிழிப்பதையும், முரட்டுப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் கோரையின் மென்மையிலும் பாவு நூலின் நெருக்கத்திலும் உள்ள வேறுபாட்டையும், பட்டுப் பாய்க்கு நூறுக்கும் மேற்பட்ட பாவு இழைகள் வருவதையும் நான் சொல்லிக்கொண்டே போனேன். நாற்காலி ஒரு முறைகூடச் சத்தம் போடவில்லை. அதையே இப்போது ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். இலக்கணம் இரண்டு இடத்தில் இடறியது, பேச்சு நிற்கவில்லை. அன்றிரவே தன்விவரக் குறிப்பில் இரண்டு நிமிடம் பேச முடியாத வரிகளை எல்லாம் அடித்துவிட்டேன். சதுரங்கம் என் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்ததும் அதில் போயிற்று. எனக்குக் குதிரை நகரும் விதத்திலேயே சந்தேகம் உண்டு.

இன்னொன்றையும் அவரிடம்தான் கேட்டறிந்தேன். இந்தப் பணிக்கான நேர்காணலுக்கு 100 மதிப்பெண் என்றாலும், இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கும் நேர்காணலுக்கு 20 பங்கும்தான். வாழ்வா சாவா என்று நான் நடுங்கியது ஐந்தில் ஒரு பங்குக்காக.

இனிக் குறைகள். துண்டறிக்கையில் பத்து மாதிரி நேர்காணல்கள் என்று போட்டிருந்தார்கள்; எனக்குக் கிடைத்தவை ஆறு. முப்பது பேருக்கு ஒரே அறை என்றால் வேறெப்படி நடக்கும்? பதிவுகளைத் தனித்தனியாகத் தராமல் வகுப்பு முழுவதும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். இரண்டு பெண்கள் அதற்காகவே வருவதை நிறுத்திவிட்டார்கள், அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. சேர்கிறவர்கள் முதல் நாளே இதைப் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது. நேர்காணலுக்கு முன் போட்டுக்கொண்டால் படபடப்பு அடங்கும் என்று உடன்பயின்ற ஒருவர் மாத்திரை அட்டை ஒன்றை நீட்டியதையும், பயிற்றுநர் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பிராப்ரனலால் போன்ற அவ்வகை மருந்துகள் மருத்துவர் எழுதிக்கொடுத்து உண்ண வேண்டியவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆபத்து.

உண்மையான நேர்காணல் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வாய் உலர்ந்தது, ஒரு மிடறு தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். பணவீக்கம் பற்றிய ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். பத்தமடையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. முடிவு இன்னும் வரவில்லை. எனக்குச் சேரவேண்டிய நான்கு அமர்வுகளை நினைவூட்டியபோது, அடுத்த அணியோடு வந்து உட்காரலாம் என்று அலுவலகத்தில் இருந்த அக்கா சொன்னார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மாலை போகிறேன்.