மீட்டர் கணக்கில் வாங்கிய ஜெய்ப்பூர் அச்சுத் துணி

தலையணை உறை, குழந்தைகளின் கவுன், சுருக்குப் பை என்று வீட்டிலேயே தைப்பவர்களுக்கு, ஜெய்ப்பூர் அச்சுத் துணிகளை மீட்டர் கணக்கில் வெட்டி அனுப்பும் இணையக் கடைகள் வசதியானவை. நான் வாங்கிய கடையில், 44 அங்குல அகலமுள்ள கேம்பிரிக் பருத்தி மீட்டர் 150 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்தது. நெசவு நெருக்கமாக இருப்பதால் வெட்டிய ஓரம் எளிதில் பிரிவதில்லை. சாதாரணத் தையல் இயந்திரத்தில் 14ஆம் எண் ஊசியே போதுமானதாக இருந்தது.

குறை விளம்பரத்தில்தான். ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரின் கைஅச்சு என்று விற்ற துணியில், மரக்கட்டையை மாற்றி மாற்றிப் பதிக்கும்போது இணைப்புகளில் இயல்பாக விழும் சிறு பிசகு ஓரிடத்திலும் இல்லை; பூக்கள் கோடு போட்டாற்போல நின்றன. அது திரை வழியே சாயத்தைத் தள்ளிப் பதிக்கும் திரை அச்சு (screen print). இந்த விலைக்கு அதுவே நியாயம், ஆனால் திரை அச்சு என்றே சொல்லி விற்கலாமே!

சிவப்புத் துணி முதல் அலசலில் சாயம் விட்டதால், வெளிர்நிறத் துணியோடு இணைத்துத் தைப்பவர்கள் தனித்தனியே நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். பருத்தி சுருங்கும் என்பதால், 2 மீட்டர் தேவைப்படும் இடத்தில் கால் மீட்டர் கூடுதலாகக் கேட்பது நல்லது. வெட்டி அனுப்பிய துணியை இந்தக் கடை திரும்பப் பெறுவதில்லை.