வரலாற்று மாணவர்களிடம் பணம் வாங்கும் ‘இன்டர்ன்ஷிப்’: ஓர் எச்சரிக்கை

டர்பனில் பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டில் வரலாறு படிக்கும் என் மகளுக்கும் அவளுடைய வகுப்புத் தோழியர் சிலருக்கும், சென்ற குளிர்கால விடுமுறைக்கு முன் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரின் ஆவணங்களில் பணிப்பயிற்சி, பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் ஒருவரின் மேற்பார்வை, பல்கலைக்கழகம் ஏற்கும் சான்றிதழ் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. பதிவுக் கட்டணம் ஆளுக்கு 1,800 ராண்டு. கட்டணத்தோடு அடையாள அட்டையின் நகலையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆவணக் காப்பகத்தின் வாசலைக்கூட அந்தப் பிள்ளைகள் மிதிக்கவில்லை. நகர மையத்தில் ஒரு கடையின் மாடியறையில் கணினிகளின் முன் உட்கார வைத்து, கப்பல் பட்டியல்களின் படப் பிரதிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்த 1,52,184 பேரின் விவரங்கள் அந்தப் பட்டியல்களில்தான் இருக்கின்றன. பதிவெண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு என்று ஓர் ஆளின் அடையாளம் முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும். ஊர்ப்பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பதால், மை ஊறிய ஓர் எழுத்தைப் படிக்கவே பயிற்சியுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தர வேண்டும். அப்படி யாரும் அங்கே இருக்கவில்லை. “மூல ஏட்டை ஒருமுறை பார்க்கலாமா, அங்கிள்?” என்று மகள் கேட்டதற்கு, “எல்லாம் திரையிலேயே தெளிவாக இருக்கிறதே அம்மா, இன்றைய கணக்கை முடி” என்றார் நடத்துபவர். நாளொன்றுக்கு இத்தனை வரி என்று கணக்கு வைத்திருந்தார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் பின்னரே தெரிந்தது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கும் நம் குடும்பங்கள் பூட்டன் பாட்டிமாரின் கப்பல் விவரத்தைத் தேடி அலைகின்றன. மாணவர்கள் கூலியின்றி, தாங்களே கட்டணமும் கட்டித் தட்டச்சு செய்த வரிகள் ‘வம்சாவளித் தொகுப்பு’ என்ற பெயரில் அக்குடும்பங்களுக்கு விற்கப்பட்டன. இதில் இன்னொரு கேடும் உண்டு. ராமசாமி, முனியம்மா போன்ற பெயர்கள் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதால், பதிவெண்ணைப் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளோடு ஒப்பிடாமல் பெயரை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்தால், யாரோ ஒருவருடைய தாத்தாவை நம் தாத்தா என்று படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள நேரிடும். என் மகள் அவ்வாறு மாறிப்போன ஒரு பதிவைச் சுட்டிக்காட்டியபோது, அது வாடிக்கையாளருக்கு அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது.

சான்றிதழில் மேற்பார்வையாளரின் பெயரோ, செய்த வேலையின் விவரமோ இல்லை. பல்கலைக்கழகத் துறை அதை ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அதைப் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் வேலை தேடுபவரிடம் வேலைவாய்ப்புச் சேவைக்காகக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது என்பதை அறிந்தவர்கள் செய்யும் தந்திரம் இது என்பதே என் எண்ணம்.

இத்தகைய அழைப்பு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் விரிவுரையாளரிடம் காட்டி, மேற்பார்வையாளர் யார், மூல ஆவணம் எங்கே பார்க்கக் கிடைக்கும், தொகுக்கும் விவரம் யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆவணம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் இடைத்தரகர் தேவையே இல்லை: பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தையும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் மாணவர்கள் நேரடியாகவே அணுகலாம்.

தொழிலாளர் துறையில் நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டணம் இன்னும் திரும்பவில்லை. அதே அறிவிப்பு டிசம்பர் விடுமுறைக்கென்று புதிய கைப்பேசி எண்ணுடன் மீண்டும் சுற்றிவருகிறது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வங்கி ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்து, தங்கள் பெயரிலும் தனித்தனியே புகார் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.